கமதா வீட்டு ரத்தம்

கமதா வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சிவேளை. வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. வாசற்படி தாண்டிக் காலை உள்ளே வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பனி கூரை விளிம்பு வரை ஏறி நின்றது. கீழ்த்தள ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். பட்டப்பகலில் எண்ணெய் விளக்கு எரிந்தது. புகை வாடையும், ஊறுகாய்ப் பீப்பாய் வாடையும், அதற்கெல்லாம் மேலே ரத்த வாடையும் வந்தது. நான் நர்ஸ். ரத்த வாடை எனக்குப் பழகினதுதான். ஆனால் அன்றைக்கு அது என் தங்கையின் ரத்தம்.

தங்கை பெயர் நாவோ. விடியற்காலையில் அவளுக்குப் பையன் பிறந்தான். குழந்தை சௌக்கியம். தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவள் புருஷன் குனிஜி இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து எங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஓடி வந்தான். என்னையும் டாக்டர் உசுயியையும் குதிரைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

டாக்டர் உசுயிக்கு அந்த வீடு புதிதில்லை. நகரத்து மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர் அவர்; குளிர்காலத்தில் எங்கள் மருத்துவமனையில் வந்து தங்குவார். கமதா வீட்டுக்காரர்களின் வம்ச நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அந்த வம்சத்தில் தலைமுறைக்கு ஒருவரையாவது அது பிடிக்கும். முப்பது வயது தாண்டியதும் கால் பின்னும். குடித்தவன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பிறகு கை போகும். தலை நிற்காமல் ஆடும். கடைசியில் நாக்கும் போய்விடும். புத்தி மட்டும் சாகிற வரைக்கும் தெளிவாக இருக்கும். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல!

இப்போது அந்த நோய் பிடித்திருந்தது குனிஜியின் அண்ணன் எய்சாகுவை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஆள் வைத்து மூன்று தலைமுறையைத் துருவி விசாரிப்பார்கள். என் அப்பாவும் விசாரித்தார். மூத்தவன் வடக்கே ஹொக்கைடோத் தீவில் மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று ஊரே சேர்ந்து சாதித்தது. கல்யாணம் முடிந்து நாவோ சமையற்கட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், சாமான் கிடங்கில் மரக்கம்பி போட்ட அறைக்குள் உட்கார்ந்திருந்தான் அந்த ஹொக்கைடோக்காரன். எப்படி வயிறு எரிந்திருக்கும் எங்களுக்கு!

டாக்டருக்கு ஒரே பிடிவாதம். இது நரம்போடு பிறந்த நோய் இல்லை, ரத்தத்தில் ஊறுகிற நஞ்சு என்பார். ரத்தத்தை மாற்றினால் நோய் போகும், நோயாளியின் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் அவருக்கும் வரும் என்பார். இதை நிரூபிக்க எய்சாகுவின் கையில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்து முயல்களுக்கு ஏற்றினார். முயல்கள் செத்தனவே தவிர ஒன்றுகூடத் தள்ளாடவில்லை. ஊசி குத்தும்போது எய்சாகுவின் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலையாக இருந்தது.

நாவோ மெழுகு மாதிரி கிடந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. நாடி விரலுக்குச் சிக்கவில்லை.

"அக்கா..." என்றாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பேசாதடி. நான் வந்துட்டேன்ல" என்றேன்.

டாக்டர் ஒருவழியாக உதிரத்தை நிறுத்தினார். ஆனால் உடம்பில் மிச்சம் ஒன்றும் இல்லை. ரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்து விளக்கடியில் பொருத்தம் பார்த்தோம். என் ரத்தம் அவளுடையதோடு சேர்ந்ததும் பால் திரிகிற மாதிரி திரிந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்து என்ன பிரயோஜனம்? குனிஜியுடையது அழகாகக் கலந்தது.

குனிஜி சட்டைக் கையை மடக்கினான். அவன் அம்மா தொமே குறுக்கே வந்து நின்றாள்.

"அவன் மேல கைய வைக்காதீங்க. இந்த வீட்டுக்குன்னு நேரா நிக்கறவன் அவன் ஒருத்தன்தான்."

"அத்தை, என் தங்கச்சி செத்துக்கிட்டிருக்கா" என்றேன்.

"தெரியுது. கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? நம்ம வீட்டுக்கு வந்துட்டா, நம்ம வீட்டுப் பொண்ணு. நம்ம வீட்டு ரத்தந்தான் ஏத்தணும், ஒத்துக்கறேன். பின்னாடி ஒருத்தன் கிடக்கானே, அவன்கிட்ட எடுங்க. அவனும் இதே ரத்தம்னு டாக்டரய்யாதான் போன தடவ சொன்னாரு."

"அம்மா..." என்றான் குனிஜி.

"நீ வாய மூடு. அவன் எப்படியும் போறவன்."

டாக்டரின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ முயல்களைக் கொன்றவருக்கு ஒரு மனுஷி கிடைக்கப்போகிறாள். அதைப் பார்த்ததும் நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"டாக்டர், அந்த ரத்தம் வேண்டாம்."

"ஏன் மசுயே? வம்ச நோய் ரத்தத்துல தொத்தாதுன்னு எல்லாப் புத்தகமும் சொல்லுதே. நான் ஒருத்தன்தான இல்லைங்கறேன்? என்னை நம்பாத, புத்தகத்த நம்பு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சண்டை போட நேரமில்ல. அவ நாடியப் பாரு" என்றார்.

பார்த்தேன். விளக்கைத் தூக்கிக்கொண்டு கிடங்குப் பக்கம் நடந்தேன்.

கிடங்கில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஈர வைக்கோல் வாடையும், புண்ணுக்குப் போடுகிற கற்பூரத் தைலத்தின் வாடையும் சேர்ந்து அடித்தன. எய்சாகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமான ஆள். தலை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. எந்நேரமும் அது அப்படித்தான் ஆடும்.

டாக்டர் மண்டியிட்டு மரியாதையாகக் கேட்டார். "உங்க தம்பி பெண்டாட்டிக்கு ரத்தம் வேணும். கொஞ்சம் நிறையவே வேணும். குடுக்கறீங்களா?"

தலை ஆடியது.

"வேணாங்கறாரோ?" என்றான் குனிஜி மெல்ல.

"அது நோய். எதக் கேட்டாலும் அப்படித்தான் ஆடும். அத ஒரு பதிலா எடுத்துக்க முடியாது" என்றார் டாக்டர்.

நான் எய்சாகுவின் முழங்கையை மடியில் வைத்து அழுத்தி, கட்டை விரலால் நரம்பைப் பிடித்தேன். அப்போது அந்தத் தலை நின்றது.

இரண்டு குளிர்காலமாக நான் பார்க்கிறேன். ஒரு தடவைகூட அது நின்றதில்லை.

என் முகத்தை நேராகப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் திரும்பினான். நிதானமாக, ஒரு குழந்தைக்குப் புரியவைக்கிற மாதிரி மறுபடியும் திரும்பினான். "ஆ... ஆ..." என்று குழறினான்.

டாக்டர் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார். குனிஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தது நான் மட்டும்தான். கையை நான் விடவில்லை. என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். எனக்கு என் தங்கச்சி வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் அதே கையை அதே மாதிரிதான் பிடிப்பேன்.

எடுக்க எடுக்க, டாக்டர் போதும் என்று சொல்லவேயில்லை. நாவோவின் கன்னத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது. எய்சாகுவின் முகம் பலகைக்கு வெளியே கிடந்த பனி மாதிரி ஆனது.

சாயங்காலம் கஞ்சி கொண்டுபோன குனிஜி, கிண்ணத்தோடு திரும்பி வந்து தூணில் சாய்ந்து நின்றான்.

"போயிட்டானா?" என்றாள் தொமே.

குனிஜி அழுதான்.

"சத்தம் போடாத. அக்கம்பக்கத்துக்குக் கேக்கும். ஹொக்கைடோல இருக்கறவனுக்கு இங்க எப்படிச் சாவு எடுக்கறது?"

பூசாரி வரவில்லை. மணி அடிக்கவில்லை. ஒரு ஊதுவத்திகூடக் கொளுத்தவில்லை. ஒரு பெட்டியில் வைத்துக் கிடங்குக்குப் பின்னால் பனிக்குள் தள்ளினார்கள். பனி உருகினதும் பார்த்துக்கொள்ளலாமாம். பெற்றவள் பேச்சு இது!

டாக்டர் மறுநாள் கிளம்பிப் போனார். நான் நாவோவோடு தங்கினேன். இரண்டொரு நாள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பசிக்கிறது என்று கேட்டுக் கஞ்சி குடித்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். "அக்கா, இவனுக்கு உன் மூக்கு" என்று கேலி செய்தாள். நான் சந்தோஷத்தில் அவள் தலைமயிரைச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த வாடை வந்தது.

முதலில் என் துணியில் ஒட்டிக்கொண்டு வந்ததோ என்று நினைத்தேன். துவைத்துப் போட்டேன். போகவில்லை. ஈர வைக்கோல், கற்பூரத் தைலம். நாவோவின் படுக்கையைத் தூக்கி உதறினேன். வாடை படுக்கையில் இல்லை. அவள் மூச்சில் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் சமையற்கட்டில் நின்றிருந்தேன். நடையில் ஏதோ சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்... தட்.

ஸ்ஸ்ஸ்... தட்.

காலை இழுத்து வைக்கிற சத்தம். கூடவே பலகைச் சுவரில் உள்ளங்கை உரசிக்கொண்டு வரும் சத்தம்.

அடுப்படியில் உட்கார்ந்திருந்த தொமேயும் கேட்டாள். அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தை அந்த வீட்டில் எத்தனை வருஷம் கேட்டிருப்பாள்!

நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாவோ. கால் இரண்டையும் அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"எதுக்குடி எழுந்த? தண்ணி வேணுமா?"

தலையை ஆட்டினாள்.

"கைக்குழந்தைய விட்டுட்டு எங்க வந்த? குளிருதா?"

தலையை ஆட்டினாள்.

கேள்வி முடிந்தது. தலை நிற்கவில்லை.

நான் அவளைத் தாங்கப் போனேன். அவள் என் முழங்கையைப் பற்றினாள். பச்சை உடம்புக்காரிக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது? என் கையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்தி, கட்டை விரலால் நரம்பைத் தேடிப் பிடித்தாள். நான் அவன் கையைப் பிடித்த அதே பிடி.

"ஆ... ஆ..."

"நாவோ, விடுடி. வலிக்குது. அக்காடி."

விடவில்லை. நரம்புக்கு மேல் நகம் இறங்கியது. தொமே பின்னால் வந்து நின்று, "எய்சாகு" என்று மூச்சுக்குள் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் பிடி தளர்ந்தது. என் தங்கையின் கண்கள் மாமியாரின் பக்கம் திரும்பின. அப்படி ஒரு பகையை நான் நாவோவின் கண்ணில் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவளைக் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. ஆனாலும் அடுப்புக்கு விறகெடுக்கப் போகத்தானே வேண்டும்? போய் வந்து பார்த்தால் படுக்கை காலி. தொட்டில் கூடையும் காலி.

குழந்தை அழுகிற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

குனிஜியும் நானும் ஓடினோம். கிடங்கின் மரக்கம்பிக் கதவில் வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. குழந்தை உள்ளே, எய்சாகு கிடந்த வைக்கோல் மேலே, துணி இல்லாமல் நீலம் பாய்ந்து கிடந்தது. நாவோ வெளியே நின்று கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஆடிக்கொண்டிருந்தது. கன்னம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

குழந்தையை என் மார்புச் சூட்டில் வைத்துத்தான் பிழைக்கவைத்தேன். தொமே ஒரு மூலையில் உட்கார்ந்து, "வம்சம், என் வம்சம்" என்று முனகினாள். "அத நீங்கதான் அத்தை பூட்டி வெச்சீங்க" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். குனிஜி வண்டியைக் கட்டிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் போனான்.

டாக்டர் வந்தார். நாவோவை எழுப்பி நடக்கவைத்தார். மூக்கைத் தொடச் சொன்னார். அவள் விரல் காற்றைத் தடவிக் கண்ணைக் குத்தியது. ஒரு வரி பேசச் சொன்னார். அவள் குழறினாள். அந்த மனுஷன் கையைத் தட்டினார்.

"தொத்திடுச்சு! மசுயே, பாத்தியா? ரத்தத்துலதான் இருக்கு! கல்லூரில அத்தன பேரும் என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க!"

"உங்களுக்கு இது கூத்தா இருக்கா? அது நோய் இல்ல டாக்டர். அது அவன். வேண்டாம் வேண்டாம்னு சொன்னவனப் பிடிச்சு உறிஞ்சி இவளுக்குள்ள ஏத்தியிருக்கோம்."

"என்ன பேச்சு இது? படிச்சவளா நீ?"

"படிச்சவதான். ஏத்தினத எடுங்க."

அவர் யோசித்தார். எனக்காக யோசிக்கவில்லை. எடுத்து அவள் குணமானால் அவருடைய வாதத்துக்கு இரண்டாவது சாட்சி ஆகிவிடும். அது அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எடுக்கற அளவுக்கு நல்ல ரத்தம் உள்ள போகணும். இல்லன்னா செத்துடுவா" என்றார்.

"எங்கிட்ட எடுங்க" என்றான் குனிஜி. தொமே வாயைத் திறந்தாள். "அம்மா, நீங்க பேசினது போதும்" என்றான். அவன் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாவோவைப் பிடித்துக் கட்டவேண்டியிருந்தது. உறையாமலிருக்க மருந்து கலந்த கண்ணாடிக் குடுவையில் அவளிடமிருந்து எடுத்தோம். மறு கையில் குனிஜியின் ரத்தத்தை ஏற்றினோம். குடுவையில் நிறைந்தது சாதாரண ரத்தம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வாடை அறை முழுக்க அடித்தது. விளக்குச் சுடர் ஆடியது. காற்று வர ஒரு பொத்தல்கூட இல்லாத அறை.

குடுவை நிறைய நிறைய, நாவோவின் தலை ஆட்டம் குறைந்தது.

டாக்டர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இத வீணாக்கக் கூடாது. கல்லூரிக்குக் கொண்டுபோய் நல்ல கொழுத்த முயலாப் பாத்து..."

எனக்கு ரத்தம் கொதித்தது. "முயல் எதுக்கு டாக்டர்? உங்களுக்கும் இதே ரத்த வகைன்னு நீங்கதான சொன்னீங்க? என் தங்கச்சிக்கு ஏத்தும்போது இருந்த தைரியம், உங்களுக்குன்னா வராதோ?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பொறி பறந்தது. சட்டைக் கையை மடக்கினார்.

"பயந்தவன் ஆராய்ச்சிக்கு வரக் கூடாது. கையக் கட்டு, மசுயே."

கட்டினேன்.

ஏற்றி முடித்து அவர் எழுந்தார். தன் பெட்டியை மூடப் போனார். கை பெட்டியைத் தாண்டிப் போய்ப் பாயில் விழுந்தது. திரும்ப எடுத்து வைத்தார். மறுபடியும் தாண்டிப் போனது.

"பாத்தியா!" என்று குதூகலமாகச் சொன்னார். "இவ்வளவு சீக்கிரமா! எழுதிக்க... எழுதி..."

அதற்கு மேல் சொல் வரவில்லை. நாக்கு வாய்க்குள் புரண்டது. தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. கண்ணில் மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்துக் கெஞ்சியது. புத்தி கடைசி வரை போகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

வெளிச்சம் போவதற்குள் டாக்டரோடு வந்திருந்த வண்டிக்காரன் அவரைப் போர்த்திக் கட்டிச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நான் கூடப் போகவில்லை. எனக்கு அவரைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ஏனென்றால் நாவோ எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

தலை அசையவில்லை. சுவரைப் பிடிக்காமல் எழுந்து நேராக நடந்து அடுப்பங்கரைக்கு வந்தாள். கிண்ணத்தை வாங்கினாள். ஒரு சொட்டு சிந்தாமல் கஞ்சி குடித்தாள். நான் வாய்விட்டு அழுதேன். குனிஜி தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டான். கூடையிலிருந்து குழந்தையை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கை நடுங்கவில்லை.

தொமேகூட அன்றைக்கு இளகிப்போய்விட்டாள். பானையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, தாயி?"

நாவோ நிமிர்ந்தாள். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். நாக்கை மேலண்ணத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், புதுச் செருப்பைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. குரல் நாவோவின் குரல்தான். ஒவ்வொரு சொல்லும் கணீரென்று வந்தது.

"அம்மா. இப்ப நான் பேசறது புரியுதா?"

பானை தொமேயின் கையிலிருந்து நழுவிக் கஞ்சி பாயெல்லாம் ஓடியது.

"அன்னிக்கி வேணாம்னு சொன்னேன். எத்தன தடவ சொன்னேன்!"

குனிஜி பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றான். நான் "நாவோ" என்று கூப்பிட்டேன். என் தங்கையின் முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கு அன்னிக்கே புரிஞ்சுது, இல்லையா நர்ஸம்மா?"

குழந்தை அந்த மடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.